அரைத் தட்டு காய்கறி எங்கே விற்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை வாசகர் பக்கத்தில் ஓர் அன்பர், நம் பிள்ளைகள் பத்து வயதிலேயே தொப்பையும் சொத்தைப் பல்லுமாகத் திரிவதற்குத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களின் அக்கறையின்மைதான் காரணம் என்று எழுதியிருந்தார். "ஆரோக்கியத்தைப் பற்றிப் பள்ளியில் ஒரு வார்த்தை சொல்லித் தரக்கூடாதா?" என்று வேறு கேட்டிருந்தார். படித்ததும் சுருக்கென்று கோபம் வந்தது. இரண்டு நாள் ஆறப்போட்டேன். கோபம் போய்விட்டது, பதில் சொல்லியாக வேண்டும் என்ற நினைப்பு மட்டும் போகவில்லை.

நான் 31 ஆண்டுகள் தமிழ்ப்பள்ளிகளில் வேலை பார்த்தவள். கடைசி 19 ஆண்டுகள் இங்கே பினாங்கில், செபராங் பிறைப் பக்கம். போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். பணியில் இருக்கும் அரசு ஊழியர் நினைத்த நேரத்தில் பத்திரிகைக்கு எழுதிவிட முடியாது என்பது உங்களுக்கே தெரியும், அதனால் இத்தனை காலமும் ஆசிரியர் அறையில் தேநீர் ஆறுவதற்குள் பேசிப் பேசி அங்கேயே விட்டுவிட்டு வந்ததையெல்லாம் இப்போதுதான் வெளியே சொல்ல முடிகிறது. அங்கே இன்னும் வேலை செய்கிறவர்கள் சொல்ல முடியாததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முதலில், ஒரு வார்த்தை சொல்லித் தரக்கூடாதா என்றால், தருகிறோம். நலக்கல்வி என்று தனிப் பாடமே இருக்கிறது. உடற்கல்வி வேறு, நலக்கல்வி வேறு. வாரத்துக்கு அரை மணி நேரம். அந்த அரை மணிக்குள் உணவு, பல் துலக்குவது, உடல் சுத்தம், போதைப்பொருள், நல்ல தொடுதல் கெட்ட தொடுதல், கோபம் வந்தால் என்ன செய்வது, முதலுதவி என்று எல்லாம் வரும். சுகாதார அமைச்சின் 'சுக்கு சுக்கு செப்பாரோ' தட்டு இருக்கிறதே, கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ முட்டையோ, மீதி அரைத் தட்டு காய்கறியும் பழமும், அதை எங்கள் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். படம் வரைந்து வண்ணமும் அடித்திருக்கிறார்கள். சொல்லிக் கொடுத்த அன்றைக்கே மணி அடித்து ஓய்வு நேரம் விட்டதும் மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன், கையில் இரண்டு ரிங்கிட்டை மடித்து வைத்துக்கொண்டு, சிற்றுண்டிச்சாலை வரிசையில் முன்னும் பின்னும் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி வந்தான்.

"டீச்சர், அரைத் தட்டு காய்கறி எங்க விக்கிறாங்க?"

அவன் கேலி செய்யவில்லை, நிஜமாகவே கேட்டான். அந்த மேசையில் அன்றைக்கு இருந்தது நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு, மீ கோரெங் என்ற வறுத்த மீ, நகெட், சோசேஜ், சீனி கலந்த சிவப்பு சிராப். நாசி லெமாக்கில் இரண்டு துண்டு வெள்ளரிக்காய் இருந்ததென்று வேண்டுமானால் சொல்லலாம். நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகமில்லை, ஏதோ சமாளித்திருப்பேன்.

என் கடிதத்தின் விஷயமே இதுதான். பிள்ளைக்கு ஆரோக்கியப் பழக்கம் வகுப்பறைக்குள் வருவதைவிட, அந்த வரிசையிலும், தண்ணீர்க் குழாயடியிலும், கழிப்பறையிலும், திடலிலும்தான் வருகிறது அல்லது கெடுகிறது. இந்த நான்கில் எதிலும் ஆசிரியரை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

சிற்றுண்டிச்சாலை நடத்துகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. டெண்டர் எடுக்கவேண்டும், வாடகை கட்டவேண்டும், பள்ளி விடுமுறையில் வியாபாரம் கிடையாது, முட்டை விலையும் எண்ணெய் விலையும் ஏறினாலும் பிள்ளைகளிடம் ஐம்பது சென் கூட்டினால் மறுநாளே பெற்றோர் புலனத்தில், அதாவது வாட்ஸ்அப் குழுவில், பொங்கிவிடுவார்கள். இந்த விலையில் சோறும் முட்டையும் கொடுக்கலாம், கீரையும் பழமும் கொடுத்தால் கையைக் கடிக்கும். எதை விற்கலாம் எதை விற்கக்கூடாது என்று அமைச்சு வழிகாட்டி போட்டிருக்கிறது, மிட்டாயும் வாயு பானமும் கூடாது, சுவரில் ஒட்டியும் இருக்கிறது. ஆனால் சிராப்பில் எவ்வளவு சீனி என்று யார் போய் அளக்கிறார்கள்?

நான் அளந்தேன். எங்கள் பள்ளியில் அப்போது இருந்த கேண்டீன் அக்கா நல்ல மனுஷி, காலை ஐந்தரைக்கே வந்துவிடுவார். ஒருநாள் சீக்கிரம் போனபோது அவர் சிராப் கலக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வாளிக்கு அலுமினியக் கோப்பையால் எட்டுக் கோப்பை சீனி. "என்னக்கா இது, பாயசமா?" என்றேன். அவருக்கே இனிப்புநீர், அதாவது நீரிழிவு, உண்டு, தினமும் இரண்டு வேளை மாத்திரை. சிரித்துக்கொண்டே, "டீச்சர், குறைச்சா புள்ளைங்க வாங்காதுங்க, நான் என்ன பண்றது" என்றார். சரி, வாரத்துக்கு அரைக் கோப்பை மட்டும் குறைத்துப் பார்ப்போம், யாருக்கும் சொல்லவேண்டாம் என்று இருவரும் பேசிக்கொண்டோம். ஏழரை, ஏழு, ஆறரை, ஆறு, ஒரு குருவிக்கும் தெரியவில்லை. ஐந்தாவது வாரம் ஐந்தரைக் கோப்பையில் இரண்டாம் ஆண்டுப் பொடியன் ஒருவன் நாக்கைச் சப்புக் கொட்டிவிட்டு, "அக்கா, இன்னைக்குத் தண்ணி ஊத்திட்டீங்களா?" என்று கேட்டுவிட்டான். அக்கா பயந்துபோய் ஆறுக்கே திரும்பினார். ஆறிலேயே ஏறக்குறைய இரண்டு வருடம் ஓடியது. எட்டுக்கு ஆறு. ஒரு பதாகை இல்லை, ஒரு தொடக்க விழா இல்லை, அறிக்கை இல்லை, கால்வாசிச் சீனி குறைந்தது.

அப்புறம் டெண்டர் மாறியது. புதிதாக வந்தவரிடம் முதல் வாரமே போய்ச் சொன்னேன். மரியாதையாகத்தான் பேசினார், "டீச்சர், இலாகாவுலேருந்து லெட்டர் இருந்தா குடுங்க, செஞ்சிடுறேன்." அவர் சொன்னதில் தப்பு இல்லை, நான் யார் அவருக்கு? பழைய வாளி, பழைய எட்டுக் கோப்பை.

இந்த நாடு சீனிக்கு வரி போட்ட நாடு என்பதை இங்கே சொல்லவேண்டும். 2019 ஜூலை முதல் தேதியிலிருந்து, 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனி இருக்கும் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் கலால் வரி. பிறகு 50 சென் ஆனது, 2025-ல் 90 சென். நல்ல காரியம். ஆனால் வாளியில் கரண்டி விட்டுக் கலக்குகிற சிராப்புக்கு எந்த வரியும் கிடையாது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் எத்தனை ஆண்டுகளாகச் சீனியைக் குறையுங்கள் குறையுங்கள் என்று தொண்டை கட்டக் கத்துகிறது, நாமும் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் நின்று மூன்றாவது கிளாஸ் சிராப்பை வாங்கிக் குடித்துக்கொண்டே அதைப் படிக்கிறோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இது ஏதோ பள்ளிக்கூட விவகாரம் என்று விட்டுவிட முடியாது. 2019-ல் சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களில் மட்டும் பார்த்தால் 31.4 விழுக்காடு. அதே ஆய்வில் 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 29.8 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். எண்ணை விடுங்கள். நான்காம் ஆண்டு வகுப்பில் ஒருமுறை, வீட்டில் யாராவது இனிப்புநீர் மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று கேட்டேன். பாதி வகுப்புக்கு மேல் கை தூக்கியது. ஒருத்தி எழுந்து, பாட்டிக்கு இன்சுலின் ஊசியைத் தானே எடுத்துக் கொடுப்பதாகவும், ஊசி போட்டால் எத்தனை நிமிடத்தில் பாட்டி சாப்பிடவேண்டும் என்றும் நர்ஸ் மாதிரி விளக்கினாள். அந்தப் பிள்ளைக்கு நார்ச்சத்து என்ற சொல் தெரியாது.

இப்போது தண்ணீர். இதை நான் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன், கண்டுபிடிக்க எனக்கு இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. இரண்டாம் ஆண்டில் ஒரு பெண் பிள்ளை, தினமும் பதினோரு மணிக்கெல்லாம் தலைவலி என்று மேசையில் கவிழ்ந்துவிடுவாள். அம்மா கண் டாக்டரிடம் காட்டி, கண்ணாடியும் போட்டாயிற்று, தலைவலி நிற்கவில்லை. ஒருநாள் பள்ளி விட்டதும் அவள் பையை வேன் வரைக்கும் தூக்கிக் கொடுத்தேன். கல்லாகக் கனத்தது. பக்கவாட்டில் தண்ணீர் போத்தல், மூடி வரைக்கும் நிறைந்திருக்கிறது. மதியம் ஒரு மணிக்கு! ஏன்டி குடிக்கவில்லை என்று கேட்டேன். சுற்றிலும் பார்த்துவிட்டு என் காதில் சொன்னாள், "குடிச்சா ஒண்ணுக்கு வரும் டீச்சர்."

பெண் பிள்ளைகள் கழிப்பறையில் நான்கு கதவு. இரண்டுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒன்று எப்போதும் அடைத்துக்கொண்டு கிடக்கும். தரை சொதசொதவென்று ஈரம், வெள்ளைக் காலணி நனைந்தால் வீட்டில் திட்டு. ஆசிரியர் கழிப்பறை வேறு பக்கம் இருப்பதால் நான் அந்தப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்ததோடு சரி. மறுநாள் பள்ளி விடும் நேரத்தில் எல்லாருடைய போத்தலையும் மேசைமேல் வரிசையாக வைக்கச் சொன்னேன். பையன்களுடையது பெரும்பாலும் காலி. பெண் பிள்ளைகளுடையது பாதிக்குமேல் தொட்டதுபோலவே இல்லை. நிறையத் தண்ணீர் குடி என்று அவர்களுக்கு நலக்கல்வியில் பாடம் நடத்தியவள் நான்தான், பரீட்சையில் எல்லாரும் சரியாகவும் எழுதியிருந்தார்கள்.

தாழ்ப்பாளை நானே இரும்புக் கடையில் வாங்கி, என் கணவரைச் சனிக்கிழமை கூட்டிப்போய்ப் போட்டுவிட்டோம். தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டுத்தான். அவர் நன்றி சொன்னார், கூடவே, இப்படிச் சொந்தமாகச் செய்ததை வெளியில் சொல்லாதீர்கள், அப்புறம் ஏன் கேட்டு வாங்கவில்லை என்று என்னைக் கேட்பார்கள் என்றும் சொன்னார். கேட்டு வாங்க எத்தனை படிவம், எத்தனை மாதம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 2023-ல் பிரதமரே பள்ளிக் கழிப்பறைகளைப் பற்றிப் பேசி நிதி ஒதுக்கியதும் நாடு முழுக்கப் புதுப்பிக்கும் வேலை நடந்தது, எங்களுக்கும் புது ஓடு பதித்தார்கள், பார்க்க நன்றாகவே இருந்தது. ஆனால் ஓடு பதிப்பது ஒருநாள் வேலை, தாழ்ப்பாளும் ஈரமும் தினசரி வேலை.

திடலைப் பற்றி எழுதினால் என் குற்றத்தையும் எழுதவேண்டும். உடற்கல்வி நேரத்தைக் கணிதத்துக்கு எடுத்துக்கொண்ட ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யுபிஎஸ்ஆர் இருந்த காலத்தில், ஆறாம் ஆண்டுக்கு ஜூலைக்குப் பிறகு உடற்கல்வி என்பது அட்டவணையில் மட்டும்தான். 2021-ல் அந்தத் தேர்வை எடுத்துவிட்டார்கள், ஆனாலும் பழக்கம் போகவில்லை, பெற்றோரும் விடவில்லை. பிள்ளை திடலில் விளையாடுகிறது என்றால், படிக்கவில்லையா என்று கேட்பவர்கள்தான் அதிகம். அதற்குமேல் வெயில், மழை, புகைமூட்டம். காற்றுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளியில் விளையாட விடமுடியாது. நகரத்துப் பள்ளிகள் சிலவற்றில் திடலே கிடையாது, கார் நிறுத்துமிடத்தில் கோடு போட்டு ஓடவைக்கிறார்கள்.

இன்னொன்று செகாக். நான்காம் ஆண்டிலிருந்து வருடத்துக்கு இரண்டு முறை எடுக்கும் உடல்திறன் சோதனை, படி ஏறி இறங்குவது, தண்டால், கால் நீட்டி உட்கார்ந்து விரலைத் தொடுவது, கூடவே எடையும் உயரமும் பார்த்து பிஎம்ஐ குறிக்கவேண்டும். ஒருமுறை உடற்கல்வி ஆசிரியர் விடுப்பு, நான் போய் நின்றேன். முப்பது பிள்ளைகள், ஒரு எடைக் கருவி, ஒரு மணி நேரம். வேகமாக முடிக்க, எடையை நான் உரக்கச் சொல்லச் சொல்ல வகுப்புத் தலைவன் எழுதிக்கொண்டான். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி, "58" என்று நான் சொன்னதும் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்க அவள் ஓய்வு நேரத்தில் நூலகத்தில் உட்கார்ந்திருந்தாள், சாப்பிடவில்லை. ஆரோக்கியத்துக்காக எடுத்த எடை அது. ஒரு தடுப்புத் திரை வைத்து, எண்ணைத் தாளில் எழுதியிருந்தால் போதும், அது எனக்கு அப்போது தோன்றவில்லை. சோதனையை எப்படி நடத்துவது என்று பயிற்சி கொடுக்கிறார்கள், அந்த எண்ணைப் பிள்ளையிடமும் வீட்டிலும் எப்படிச் சொல்வது என்று என் காலத்தில் யாரும் சொல்லித் தரவில்லை.

சரி, ஆசிரியர்கள் எல்லாரும் ஒரே மாதிரி நினைக்கிறார்கள் என்று நான் சொல்லவரவில்லை. எங்கள் அறையிலேயே, "சாப்பாடு ஊட்டுவது அம்மா வேலை, நான் தமிழ் சொல்லித்தர வந்தவன்" என்று முகத்துக்கு நேராகச் சொல்கிற சீனியர் ஐயா ஒருவர் இருந்தார். அவரும் கெட்டவரில்லை. காலையில் வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைக்குத் தன் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு மறுபடி அதே வசனத்தைப் பேசுவார். இளம் ஆசிரியர்களில் சிலர் இன்னும் ஆர்வமானவர்கள், டோக்டர் மூடா, அதாவது இளம் மருத்துவர், மன்றத்துப் பிள்ளைகளுக்கு வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டு, சின்ன வகுப்புகளுக்குக் கை கழுவச் சொல்லித்தர அனுப்புவார்கள், அது நன்றாகவே நடந்தது, பெரியவர்கள் சொன்னால் கேட்காதது அக்கா சொன்னால் கேட்கும். ஆனால் எல்லாருக்கும் பொதுவான ஒரு புலம்பல் உண்டு, அறிக்கை. சுகாதார வாரம் வந்தால் பதாகை, உரை, படம், பதிவேற்றம். ஒருமுறை பழம் சாப்பிடும் நாளுக்கு முப்பது ஆப்பிள் வாங்கினோம். முதல் வகுப்புப் பிள்ளைகள் கையில் பிடித்துப் படம் எடுத்ததும், அடுத்த வகுப்புக்கும் படம் வேண்டுமென்று ஆப்பிளைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். வாயருகே கொண்டுபோன ஆப்பிளைப் பிடுங்கினால் அந்தக் குழந்தை முகம் எப்படிப் போகும்? கடைசி வகுப்புக்குத்தான் சாப்பிடக் கிடைத்தது.

கூடுதல் உணவுத் திட்டத்தை, அதாவது ஆர்எம்டியை, யாரும் குறைவாகப் பேசக்கூடாது. 1979-லிருந்து நடக்கிறது, ஏழைப் பிள்ளைகளுக்குச் சமைத்த சாப்பாடு, தீபகற்பத்தில் ஒரு வேளைக்கு 2.50 ரிங்கிட்டாக இருந்ததைச் சில ஆண்டுகளுக்குமுன் 3.50 ஆக்கினார்கள். அந்தச் சாப்பாட்டுக்காகவே தவறாமல் பள்ளிக்கு வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பல் சிகிச்சையும் அப்படித்தான். பல் தாதிகளுக்கான பயிற்சிப் பள்ளி நியூசிலாந்து பாணியில் 1949-லேயே இதே பினாங்கில்தான் தொடங்கியது, அந்த வழியில் வந்தவர்கள் இன்றைக்கும் பள்ளிக்கே நாற்காலியோடு வந்து, பிள்ளையை உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, சொத்தையை அடைத்துவிட்டுப் போகிறார்கள். ஆசிரியர் செய்யவேண்டியது வரிசையில் அனுப்புவது மட்டும்தான். வேலை தெரிந்தவர் வந்து வேலையைச் செய்கிறார், எங்கள் அறையில் இதைப் பற்றி யாரும் புலம்பி நான் கேட்டதில்லை.

வேலை தெரியாதவர் கையில் விட்டால் என்ன ஆகும் என்ற பயம் எங்களுக்கு நிறைய உண்டு. 2025 பிப்ரவரியில் பட்டர்வொர்த்தில் பத்து வயதுப் பையன் ஒருவன் ஜெல்லி மிட்டாய் தொண்டையில் சிக்கி இறந்துபோனானே, அந்தச் செய்தி வந்த அன்றைக்கு ஆசிரியர் அறையில் யாரும் சாப்பிடவில்லை. தொண்டையில் அடைத்தால் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து வயிற்றில் எப்படி அழுத்துவது என்று எத்தனை பேருக்குத் தெரியும் என்று ஒருவர் கேட்டார். புத்தகத்தில் படம் பார்த்ததாக நான்கு பேர் சொன்னோம். பொம்மையை வைத்துச் செய்து பார்த்தவர்கள் யாரும் இல்லை. என் 31 ஆண்டில் முதலுதவிப் பயிற்சி எனக்கு ஒரே ஒருமுறைதான் கிடைத்தது, அதுவும் சாரணர் பொறுப்பில் இருந்ததால்.

பெற்றோரையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளவேண்டாம். பிறந்தநாள் என்றால் வகுப்பு முழுக்கக் கேக்கும், மிட்டாய் போட்ட பையும். வேண்டாம், வண்ணப் பென்சில் கொடுங்கள், வாழைப்பழம் கொடுங்கள் என்று புலனத்தில் எழுதினேன். ஓர் அம்மா தனியாகக் கூப்பிட்டு, "டீச்சர், வருஷத்துல ஒரே ஒரு நாள்தானே" என்று வருத்தப்பட்டார். அவருக்கு ஒரு நாள், வகுப்பில் 31 பேர்.

நம் அன்பர் கேட்டதற்கு இதுதான் என் பதில். என் பழைய பள்ளியில் இந்த ஆண்டு சிற்றுண்டிச்சாலை டெண்டர் மறுபடி வருகிறது என்று கேள்விப்பட்டேன். மற்ற பள்ளிகளிலும் இப்படி வரும்போது, யாருக்குக் கொடுப்பது என்று வாடகையை மட்டும் பார்க்காமல், என்ன சமைப்பார்கள், எவ்வளவு சீனி போடுவார்கள் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி, அதைச் சரிபார்க்கும் குழுவில் அந்தப் பள்ளியின் நலக்கல்வி ஆசிரியர் ஒருவரையும் உட்காரவைக்கவேண்டும். ஓய்வு நேரத்தை இருபதிலிருந்து முப்பது நிமிடமாக்கினால், வரிசையில் நின்று, சாப்பிட்டு, கை கழுவி, கழிப்பறைக்கும் போய்வர நேரம் இருக்கும். இரண்டுக்குமே பெரிய பணம் ஆகாது.

அன்பரின் பிள்ளையோ பேரப்பிள்ளையோ எந்தப் பள்ளியில் படித்தாலும், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு அவர் கட்டாயம் போகவேண்டும். வரவு செலவு வாசித்து முடித்ததும் கை தூக்கி இரண்டே கேள்வி கேட்கட்டும். சிராப் வாளியில் எத்தனை கோப்பை சீனி விழுகிறது, பெண் பிள்ளைகள் கழிப்பறையில் எத்தனை கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது. மேடையில் இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அவர் கொஞ்சம் பின்னால் திரும்பி, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்களைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பிறை, பினாங்கு